கல்லூரிக்கு வரவு, சேரிக்குப் பற்று

கல்லூரிகளில் இப்போது ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. வகுப்பறைக்குள் உட்கார்ந்து கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தால் படிப்பு ஏறாது. மாணவர்கள் வெளியே போகணும், மக்களைப் பார்க்கணும், கையால் ஒரு வேலை செய்யணும், செய்ததை யோசித்து அதிலிருந்து கற்றுக்கொள்ளணும் என்கிறார்கள். அனுபவவழிக் கல்வி என்று இதற்குப் பெயர். அந்த வேலை ஊருக்கும் உபகாரமாக இருந்துவிட்டால் சேவைவழிக் கற்றல். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, சமூக ஈடுபாட்டையும் சேவையையும் கிரெடிட் உள்ள பாடமாக வைக்கச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் அதே ஆண்டு ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டு, இதற்கென்று இரண்டு கிரெடிட் பாடம் நடத்தச் சொன்னது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நான் இதுக்கு எதிரியும் இல்லை. மனப்பாடம் பண்ணி விடைத்தாளில் வாந்தியெடுக்கிற படிப்பால் ஆதாயம் அடைந்தவர்கள் யார்? ஓதுவதை மட்டுமே அறிவென்றும், மண்ணையும் தோலையும் தொடுகிற கையைத் தீட்டென்றும் சொல்லிவைத்த சாதிகள்தான். கைக்கும் மூளைக்கும் நடுவில் கட்டிய அந்தச் சுவரை இடிக்கப் போகிறோம் என்று யாராவது வந்தால் முதலில் கை தட்ட வேண்டியவர்கள் நாம்.

ஆனால் வங்கியில் எழுத்தராகக் குப்பை கொட்டுகிற எனக்கு, கிரெடிட் என்ற வார்த்தையைக் கேட்டாலே அதன் ஜோடி வார்த்தையும் கூடவே ஞாபகம் வருகிறது. எங்கள் தொழிலில் எல்லாமே இரட்டைப் பதிவு. ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியே ஆகணும். ரெண்டும் டேலி ஆகலைன்னா சாயங்காலம் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. மாணவன் கணக்கில் இரண்டு கிரெடிட் வரவு. சரி. அதற்கான பற்று யார் கணக்கில் விழுகிறது? இந்தக் கேள்வியை எந்த வழிகாட்டு நெறியும் கேட்டதாகத் தெரியவில்லை. நாம் கேட்டாக வேண்டும்.

அனுபவத்திலிருந்து கல்வி என்ற சிந்தனை ஒன்றும் நமக்கு அந்நியமில்லை. இதைப் பெரிய தத்துவமாக வளர்த்த ஜான் டூயி, 1913-லிருந்து 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அம்பேத்கருக்கு ஆசிரியர். 1936-ல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் பாபாசாகேப் அவரைத் தம் ஆசிரியர் என்றும், தாம் கடன்பட்டவர் என்றும் நன்றியோடு குறிப்பிடுகிறார். டூயி 1938-ல் 'அனுபவமும் கல்வியும்' என்ற சிறு நூலில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்: எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, மனிதனை மேலும் வளரவிடாமல் முடக்கிப் போடுகிற அனுபவமும் உண்டு. இன்றைக்கு டூயி பெயரைச் சொல்லிப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் இந்த எச்சரிக்கையை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அம்பேத்கருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளியில் தனிச் சாக்கில் உட்காரவைத்தார்கள். பியூன் வந்து தூக்கி ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. இதுவும் அனுபவம்தான். அவமானத்தை அவமானமாகவே சுமந்துகொண்டிருக்காமல், அதை உண்டாக்குகிற அமைப்பு எது என்று ஆராய்ந்தார் அவர். அந்த ஆராய்ச்சியைத்தான் நான் கல்வி என்கிறேன்.

தமிழ்நாட்டில் 'செய்து கற்றல்' ஏற்கெனவே ஒரு தடவை வந்து போயிருக்கிறது. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கக் கல்வித் திட்டத்தை மாற்றினார். பாதி நாள் பள்ளிக்கூடம். மீதி நேரம் பிள்ளைகள் வீட்டிலிருந்து அப்பன் தொழிலைப் பழக வேண்டும். வாழ்க்கையோடு இணைந்த கல்வி, உழைப்பின் மகத்துவம் என்றெல்லாம் சொன்னார்கள். குயவன் பிள்ளைக்குச் சக்கரம், வண்ணான் பிள்ளைக்கு வெள்ளாவி. பறை அடிக்கிறவன் பிள்ளைக்கு, மலம் அள்ளுகிறவன் பிள்ளைக்கு? குலக் கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிடர் கழகமும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அன்றைக்கு அது நீடித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத என் கையில் பேனா இருந்திருக்காது.

அதற்கும் முன்பு, 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைப் படிப்பின் நடுவில் வைத்தது. நோக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சாதி அப்படியே இருக்கிற நாட்டில் தொழிலைப் புனிதமாக்கினால் என்ன ஆகும்? துப்புரவுத் தொழிலை உயர்ந்த சேவை என்று காந்தி புகழ்ந்ததை, 1945-ல் எழுதிய நூலில் அம்பேத்கர் தோலுரித்துக் காட்டினார். அந்த வேலையில் தள்ளப்பட்டவனிடமே போய் 'உன் வேலை புனிதமானது' என்று சொல்வது அவனை அதிலேயே கட்டிப்போடும் தந்திரம் என்றார். சேவை என்ற சொல்லை எங்கே கேட்டாலும் நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியது இதனால்தான். நாலு வருணத்தில் கடைசி வருணத்தானுக்கு விதித்த தர்மமே மற்றவர்களுக்குச் சேவை செய்வது. அந்த நாலுக்கும் வெளியே தள்ளப்பட்ட நம்மிடம் கூலி கூட இல்லாமல் சேவை வாங்கினார்கள். வெட்டிமை, ஊழியம், ஊர்ச்சோறு என்று அதற்கு எத்தனையோ பெயர். சேவை செய்து கற்கலாம் வாங்க என்று நம்மைக் கூப்பிடுகிறவர்கள், நாம் ஏற்கெனவே செய்துவிட்ட சேவையின் பாக்கியை முதலில் பார்க்கட்டும்.

கல்லூரிகளில் இதன் பழைய வடிவம் நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல், அப்போதைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். யார் அந்த நான்? யார் அந்த நீ? தொண்டனைப் படித்தவனாகவும் ஊர்க்காரனாகவும், உதவி வாங்குகிறவனைச் சேரிக்காரனாகவும் மனசில் வைத்துக்கொண்டுதான் இந்த முழக்கம் ஓடுகிறது. சேரியிலிருந்தே ஒருத்தன் கல்லூரிக்கு வந்து, பேர் கொடுத்து, தொப்பி போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நிற்பான் என்ற யோசனை அதில் இல்லை.

நான் நின்றேன். 2008-ல், இளங்கலை இரண்டாம் ஆண்டு. முகாம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். ஊர் என்றால் ஊர்தான். சேரி அரை மைல் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம். காலையில் கொடியேற்றம், உடற்பயிற்சி, பிறகு சிரமதானம். மூன்றாம் நாள் வேலைத் திட்டத்தில் இரண்டு பணிகள். ஒன்று, கோயில் பிரகாரத்தில் உழவாரப் பணி. இன்னொன்று, சேரியில் சாக்கடை தூர் வாருவது. முந்தின நாள் ராத்திரி ஊர்ப் பெரியவர் ஒருத்தர் திட்ட அலுவலரிடம் வந்து, "சார், கோயிலுக்குள்ள வர்ற பசங்கள மட்டும் கொஞ்சம் பாத்து அனுப்புங்க சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அலுவலர் யாரையும் சாதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கல்வி உதவித்தொகைப் பட்டியல் அவர் பையிலேயே இருந்தது. காலையில் பெயர் வாசித்தார்கள். மண்வெட்டி பிடித்த பதினாலு பேரில் பதிமூணு பேர் எங்கள் ஆட்கள்.

முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கிழவி திண்ணையிலிருந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "ஏம்பா, காலேசுக்குப் போயும் இந்த வேலதானா ஒனக்கு?"

முகாம் அறிக்கையில் அந்த நாளை 'சமூக நல்லிணக்கப் பணி' என்று எழுதியிருந்தார்கள். உழவாரப் பணிப் படம் ஒன்று, சாக்கடைப் படம் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். சான்றிதழ் எல்லாருக்கும் ஒரே மாதிரி.

இதை என் சொந்தக் குறையாக இங்கே கொண்டுவரவில்லை. அந்த முகாமில் எல்லாரும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டோம் என்பதால்தான் சொல்கிறேன். கோயிலுக்குள் போனவன், தன் இடம் அங்கேதான் என்று கற்றுக்கொண்டான். சேற்றில் நின்றவன், பட்டம் வாங்கினாலும் சேறு விடாது என்று கற்றுக்கொண்டான். அனுபவவழிக் கல்வி அங்கே கச்சிதமாக நடந்தது. டூயி எச்சரித்த அந்த மற்ற வகை. முறையில் கோளாறு இல்லை. சாதி இருக்கிற ஊரில் சாதியைப் பற்றி வாயைத் திறக்காமல் 'அனுபவத்தை' நடத்தினால், சாதிதான் வாத்தியாராக இருக்கும்.

இப்போது முகாமைத் தாண்டி 'தத்து' வந்திருக்கிறது. 2014-ல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேர்கிற உயர்கல்வி நிறுவனம் ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். தத்து என்றால் என்ன? பெத்தவங்க இல்லாத பிள்ளையை எடுத்து வளர்ப்பது. எங்க ஊருக்குப் பஞ்சாயத்து இருக்கு, வாக்கு இருக்கு, சண்டை போடுகிற சனம் இருக்கு. யாரைக் கேட்டுத் தத்தெடுத்தீர்கள்? வருவீர்கள், கணக்கெடுப்பீர்கள். வீட்டில் எத்தனை பேர், கக்கூஸ் இருக்கா, குடிக்கிறாங்களா, ஏன் படிக்க வைக்கலை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு எங்க அம்மா உட்கார்ந்து பதில் சொல்லணும். அந்தத் தாள் எங்கே போகிறது? தரமதிப்பீட்டுக் குழு கல்லூரிக்கு வரும்போது மேசைமேல் கோப்பாக அடுக்கிவைக்கப் போகிறது. கல்லூரிக்குப் புள்ளி, பேராசிரியருக்குக் கட்டுரை, மாணவனுக்கு இரண்டு கிரெடிட். எங்க அம்மா விட்ட அரை நாள் கூலிதான் நான் கேட்ட பற்று.

இந்தக் கோபம் நம் மண்ணில் மட்டும் எழுந்ததில்லை. சேவைவழிக் கற்றல் என்ற பெயர் அமெரிக்காவில் 1960-களின் பிற்பாதியில் புழக்கத்துக்கு வந்தது. அதே காலத்தில், மெக்சிகோ கிராமங்களில் கோடைக்காலச் சேவை செய்யப் புறப்பட்டிருந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்து, 1968 ஏப்ரலில், இவான் இல்லிச் முகத்துக்கு நேரே பேசினார். உங்கள் நல்லெண்ணம் யாருக்கும் வேண்டாம். மலை ஏறிப் பாருங்கள், பூக்களை ரசியுங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில். மொழியும் தெரியாமல், நிலைமையும் புரியாமல் வந்து இறங்குகிறவன் தான் வந்த வர்க்கத்தின் வாழ்க்கையைத்தான் விற்றுவிட்டுப் போகிறான் என்பது அவர் வாதம். நம் நிலைமை அதைவிட ஒரு படி மோசம். இங்கே சேவை செய்ய வருகிறவனுக்கு மொழி தெரியும், சேரிக்குப் போகிற பாதையும் தெரியும். தண்ணீர் கொடுத்தால் மட்டும் தாகமில்லை என்பான்.

அப்படியென்றால் இந்த முறையையே தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. ஒடுக்கப்பட்ட சனங்கள் தங்கள் கையில் எடுத்தபோது இதே முறை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்க விடாமல் செய்ததும் வெள்ளையர், படித்தால்தான் ஓட்டு என்றதும் வெள்ளையர். எசா ஜென்கின்ஸ் என்ற கறுப்பர் அந்தத் தீவிலிருந்து சனங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் பேருந்து ஓட்டியவர். அவருடைய முயற்சியாலும், ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் இருந்த செப்டிமா கிளார்க்கின் முயற்சியாலும் 1957 சனவரியில் அங்கே ஒரு வகுப்பு தொடங்கியது. ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், முன்னால் மளிகை இருக்க, பின்னால் பாடம். முதல் ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியரே இல்லை. அழகு நிலையம் வைத்திருந்தவர். முதல் நாள் அவர் பாடம் நடத்தவில்லை. உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். பேர் எழுத, பைபிள் படிக்க, மணியார்டர் ஃபாரம் நிரப்ப என்று சொன்னார்கள். அதையே பாடமாக்கினார். ஓட்டுரிமைக்கான எழுத்தும் அதோடு சேர்ந்து வந்தது. குடியுரிமைப் பள்ளிகள் என்ற பெயரில் அந்த வகுப்புகள் தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவின. 1955 கோடையில் ஹைலேண்டருக்குப் போய்ப் பயிற்சி எடுத்த ஒரு பெண், அந்த டிசம்பரில் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்தார். அவர் ரோசா பார்க்ஸ். இப்படியொரு பள்ளியை அரசு சும்மா விடுமா? டென்னசி மாநில அரசு 1961-ல் ஹைலேண்டரை இழுத்து மூடியது.

நம் பக்கத்திலும் இருக்கிறது. 1848-ல் பூனாவில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அவர்களிடம் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, 1855-ல் மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. பாடப் புத்தகத்தில் இல்லாத தன் தெருவை, தன் மக்களின் பசியை, எழுதுவதற்குரிய அறிவாக ஒரு பள்ளி ஏற்றுக்கொண்டது. என் கணக்கில் இந்தியாவின் முதல்தர அனுபவவழிக் கல்வி அதுதான். தமிழ்நாட்டில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். எந்த நந்தனைக் கோயில் வாசலில் நிற்கவைத்தார்களோ அவன் பெயரில், அதே ஊரில், நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ராந்தல் வெளிச்சத்தில் சேரிக்குச் சேரி இரவுப் பள்ளி நடத்தின நம் அண்ணன்மார், அக்காமார் யாரும் சேவை செய்வதாக நினைக்கவில்லை. ஒருத்தன் ஏறினால் இன்னொருத்தனைக் கை கொடுத்துத் தூக்கணும், அவ்வளவுதான்.

பிறகு இன்றைக்குச் சேவை, களப்பணி என்றால் ஏன் எல்லாக் கல்லூரி வண்டியும் சேரிக்கே வருகிறது? நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதானே வைத்தியம்? சாதி சேரியில் உற்பத்தியாவதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. மாவட்ட ஆட்சியர் விசாரிக்கப் போன இடத்தில்தான் அந்தப் பகுதித் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும், அய்யனார் கோயிலுக்குள் நம்மவர்களை விடாததும் அதிகாரப்பூர்வமாக 'கண்டுபிடிக்கப்பட்டன'. ஆட்சியர் கண்ணில் பட ஒரு தொட்டி நாற வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, 2024-ல் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற சாதிக் கயிறு வரைக்கும் அதில் பேசப்பட்டிருக்கிறது. அந்தக் கயிறு சேரியில் திரிக்கப்பட்டதா? அரிவாளை எடுக்கலாம் என்ற 'அனுபவ அறிவு' அந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் தெருவில் கிடைத்தது? களஆய்வு அங்கே நடக்கட்டும்.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். நம் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. நாற்று நடவு தெரியும், செங்கல் சூளைக் கணக்கு தெரியும், அப்பன் வாங்கின முன்பணத்தில் வட்டி எப்படி ஏறுதுன்னு வாய்க்கணக்காகவே தெரியும். பொருளாதார வகுப்பில் 'கொத்தடிமை முறை' என்று ஒரு பத்தி வரும்போது, அதை வாழ்ந்த பிள்ளை கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அந்த அனுபவத்துக்குக் கிரெடிட் கிடையாது. அதே சூளையை ஒருநாள் வேனில் வந்து பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு உண்டு.

எங்கள் கிளைக்கும் வணிகவியல் மாணவர்கள் 'இன்டர்ன்ஷிப்' என்று வருவார்கள். செலான் எழுதிக் கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை வந்தவர்களில் விடுதியில் தங்கிப் படிக்கிற நம்ம பிள்ளை ஒன்று இருந்தது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கணக்கில் ஏறவில்லை என்று மாணவர்கள் தினமும் வந்து கவுன்டரில் நிற்பதைப் பார்த்தது. ஒவ்வொருத்தர் பாஸ்புக்கையும் வாங்கி, ஏன் ஏறவில்லை என்று எங்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டது. ஆதார் வேறு கணக்கில் இணைந்திருக்கிறது, பெயரில் எழுத்து மாறியிருக்கிறது, கணக்கு முடங்கிப்போயிருக்கிறது. காரணங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டியது. அடுத்த வாரம் பிள்ளைகள் சரியான காகிதத்தோடு வந்தார்கள். என் பணிக்காலத்தில் நான் பார்த்த உருப்படியான சேவைவழிக் கற்றல் இது. ஆனால் அந்தப் பிள்ளை தன் அறிக்கையில் இதை எழுதியபோது, பாடத்துக்குச் சம்பந்தமில்லை என்று பேராசிரியர் அடித்துவிட்டு, வங்கியின் வரலாறும் வைப்புத்தொகை வகைகளும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே கல்லூரிகளில் இந்தப் பாடம் வரட்டும். நம் நிபந்தனைகளோடு வரட்டும்.

முதலாவது, ஊர்ப் பிள்ளைகள் களப்பணிக்குத் தங்கள் தெருவுக்கே போகட்டும். உங்கள் தேநீர்க் கடையில் எத்தனை வகைக் குவளை, உங்கள் சுடுகாட்டுப் பாதையில் யார் பிணம் போகக்கூடாது, உங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் யார் வரலாம் என்று எழுதி வந்து வகுப்பில் வாசிக்கட்டும். சேரியைச் சுத்தம் பண்ணுவதைவிட இது கஷ்டமான வேலை. இதற்கு நாலு கிரெடிட்கூடக் கொடுக்கலாம்.

இரண்டாவது, முகாமில் துப்புரவு வேலையைச் சாதி பார்த்துப் பிரிக்கிற பழக்கம் ஒழிய வேண்டும். முகாம் சேரியில் தங்கட்டும், சேரியில் சமைக்கட்டும், எல்லாரும் அங்கே சாப்பிடட்டும். சாப்பிட மாட்டேன் என்கிறவனுக்குச் சான்றிதழ் கிடையாது.

மூன்றாவது, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சேரி மக்களுக்கு ஆசிரியர் என்ற மரியாதையும் மதிப்பூதியமும் வேண்டும். சிறப்புரை ஆற்ற வருகிற முனைவருக்குக் கவர் கொடுக்கிற கல்லூரி, அரை நாள் கூலியை விட்டுப் பேசுகிற அம்மாவுக்கும் கொடுக்கட்டும். மதிப்பெண் போடுவதில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

நாலாவது, எங்களைப் பற்றி எழுதியதை எங்கள் தெருவில் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். நாங்கள் சம்மதித்தால் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

ஐந்தாவது, செடி நடுவதும் தெருக் கூட்டுவதும் போதும். படித்த பிள்ளையால் ஆகிற வேலை எங்களிடம் ஏராளம். 1892-ன் அரசாணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கள் வருவாய்க் கிராமத்தில் எது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று பதிவேடு பார்த்துச் சொல்லுங்கள். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995 விதிகளின்படி, மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கூடியதா என்று 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகளுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுங்கள். சட்டம் படிக்கிறவன், வணிகவியல் படிக்கிறவன், வரலாறு படிக்கிறவன், எல்லாருக்கும் இதில் பாடம் இருக்கிறது. சனங்களுக்கும் மிச்சம் இருக்கும்.

கல்லூரிகளில் இருக்கும் தலித் ஆசிரியர்கள் இதைத் துறைக் கூட்டங்களில், பாடத்திட்டக் குழுக்களில் எழுப்ப வேண்டும். அங்கே நாலு பேர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மாணவத் தம்பி தங்கைகளே, இந்த வருஷ முகாமுக்குப் பேர் கேட்டு வந்தால் கொடுங்கள், ஒதுங்கி நிற்காதீர்கள். போவதற்கு முன்னால் வேலைப் பிரிவினைப் பட்டியலைக் கையில் வாங்கிப் பாருங்கள். யார் எங்கே தங்குகிறார்கள், யார் எதைத் தொடுகிறார்கள், யார் எங்கே நுழையலாம் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் நீங்களே நாலு பேர் உட்கார்ந்து வேறு பட்டியல் ஒன்று எழுதிக் கொடுங்கள்.